‘ங்க’ போடாத ஒரே வார்த்தை

குழந்தைகளே,

போன வாரம் நம் வில் மைதானத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பாப்பாவின் அம்மா என்னிடம் வந்து வருத்தப்பட்டார்.

“ஏனுங்க, எம் புள்ள ஊட்டுல தாத்தனைப் பார்த்து ‘நில்லு’ன்னு கத்துதுங்க. பெரியவங்களை அப்படிச் சொல்லலாமுங்களா? கேட்டா, மைதானத்துல சொல்லிக் குடுத்தாங்கங்குது.”

“அப்ப தாத்தா என்னங்க பண்ணிட்டிருந்தாரு?”

“ஒண்ணுமில்லீங்க. பாப்பாவோட வில்லை எடுத்துச் சும்மா இழுத்துப் பார்த்தாருங்க.”

“அம்பு வெச்சுங்களா, வெக்காமயா?”

“வெக்காமத்தானுங்க.”

“அப்படீன்னா பாப்பா சரியாத்தான் சொல்லியிருக்குதுங்க” என்றேன்.

அந்த அம்மாவுக்குப் பாதிதான் சமாதானம் ஆனது. உங்களில் பல பேர் இதையே என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் நாய்க்குட்டியைக்கூட ‘வாங்க’ என்று கூப்பிடுகிற ஆட்கள் நாம். இந்த மைதானத்தில் மட்டும் ஏன் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ‘நில்லு’ என்று ஒரே வார்த்தையில் கத்த வேண்டும்? இந்த மாதக் கடைசியோடு நான் இங்கே வில்களைத் துடைத்துப் பூட்டுகிற வேலையை விட்டு நிற்கிறேன். முட்டி ஒத்துழைக்கவில்லை. வில் பழுது பார்ப்பதற்கென்றே படித்த ஒரு தம்பி வருகிறார். அதனால் போவதற்கு முன் எழுதி வைக்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் உங்கள் தமிழ் மிஸ்ஸிடம் காட்டாதீர்கள்.

என் பேர் சின்னச்சாமி. பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் ஃபிட்டராக முப்பது வருசம் இருந்தேன். நூலைத் துணியாகப் பின்னுகிற வட்ட மிசினைப் பழுது பார்க்கிற வேலை. தொழில் படித்த வருசங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன், கையைக் கிழித்துக்கொண்டேன், ஒரு நாள் வேலை தெரிந்துவிட்டது. அந்த மிசினுக்குள் ஆயிரத்துக்கு மேல் ஊசி இருக்கும். ஒரே ஊசியின் கொக்கி மழுங்கினாலும் துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். நீடில் லைன் என்போம். கண்ணுக்குத் தெரியாத பழுதைத் துணி காட்டிக் கொடுத்துவிடும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் முதலாளியின் ஆபீஸ் சுவரில் ஒரு வில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வந்த ஒருத்தர் அன்பளிப்பாகக் கொடுத்தது. அவர்கள் ஊரில் மான் வேட்டைக்கு வைத்திருப்பார்களாம். உடம்பு முழுக்கக் காய்ந்த இலையும் மரப்பட்டையுமாக அச்சடித்திருந்தது. நம் ஊரில் வேட்டை என்றால் ஜெயில்தான். தோட்டங்காட்டுக்குள் வருவதே மயில்தான், அதையும் கும்பிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அதனால் வில் பல வருசம் காலண்டருக்குப் பக்கத்தில் சும்மா தொங்கியது.

ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார். “சின்னச்சாமி, அதைக் கொஞ்சம் தொடச்சு வெய்ங்க. அதும் ஒரு மிசின்தானுங்களே.”

சுவரிலிருந்து இறக்கினேன். நான் கூத்தில் பார்த்த வில் ஒரு மூங்கிலும் ஒரு கயிறும்தான். இது அப்படி இல்லை. நடுவில் அலுமினியப் பிடி. மேலே ஒன்று, கீழே ஒன்று என வளைகிற தகடுகள். லிம்ப் என்பார்கள், நான் ‘கை’ என்று சொல்வேன். இரண்டு கைகளின் நுனியிலும் ஒவ்வொரு சக்கரம். நாண் அந்தச் சக்கரத்தில் ஏறி, துணைக் கயிறுகளோடு சேர்ந்து ஓடுகிறது. சக்கரத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். அது வட்டமாகவே இல்லை! ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒடுங்கி, மாங்கொட்டை மாதிரி இருந்தது.

அட, இது கேம்! விளையாடுகிற கேம் இல்லை, தன் கோணல் வடிவத்தால் இன்னொன்றைத் தள்ளி இழுக்கிற பாகம். எங்கள் நிட்டிங் மிசினில் ஊசியை ஏற்றி இறக்குவதும் கேம்தான். வருசக்கணக்காக நான் தேய்த்துப் பழகிய சாமான், ஏழு கடல் தாண்டி மான் வேட்டைக்குப் போய்விட்டு வந்து என் கையில் உட்கார்ந்திருந்தது.

மெதுவாக நாணை இழுத்தேன். முதலில் அரிசி மூட்டை மாதிரி கனம். பாதி தாண்டியதும் கனம் காணாமல் போய்விட்டது. குழந்தைகளே, நீங்கள் தினமும் இழுக்கிறீர்கள், உங்களுக்குப் பழகிவிட்டது. எனக்கு அன்று உடம்பு சிலிர்த்தது. கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது யாரோ அடியிலிருந்து குடத்தைத் தாங்கிக் கொடுத்தது போல இருந்தது. கேம் திரும்பி, பாரத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. இழுத்தவன் நிதானமாகக் குறி பார்க்கட்டும் என்று எவனோ ஒருத்தன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். பயந்துகொண்டே, நாணைக் கையிலிருந்து விடாமல் மெல்லப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். சாமி புண்ணியத்தில் அன்று கை நழுவவில்லை.

அப்புறம் எனக்குத் தெரிந்த மாதிரி சுத்தம் செய்தேன். கம்ப்ரசர் காற்று அடித்தேன். மிசின் ஊசிக்குப் போடுகிற ஊசி எண்ணெயை நாண், சக்கரம் என்று பாரபட்சம் இல்லாமல் ஊற்றினேன். பனியன் வேஸ்ட் என்கிற கழிவுத் துணி வைத்துத் தேய்த்தேன். மணப்பெண் மாதிரி மினுங்கியது.

அந்தச் சமயம் என் மகள் கோகிலா பள்ளிக்கூடத்தில் வில்வித்தை பழகிக்கொண்டிருந்தாள். மூங்கில் வில்லில்தான். அவளுக்குச் சக்கர வில் ஒன்று வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். இது முதலாளி காதுக்கு எட்டியது. “சொவத்துல தொங்கறதுக்கு அது பொண்ணு கையில இருக்கட்டுமுங்க” என்று அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். நல்ல மனுசர். இதைப் படிக்கும்போது கடைசி வரைக்கும் அதை மறக்காதீர்கள்.

வில்லைத் துணியில் சுற்றிக்கொண்டு நம் மைதானத்துக்குப் பஸ் ஏறினேன். “அதென்னங்கண்ணா, கட்டில் ஃபிரேமா? தனி டிக்கெட்டுங்க” என்றார் கண்டக்டர்.

பயிற்சியாளர் எஸ்தர் மேடம். தூத்துக்குடிப் பக்கம். அப்பா அம்மா பனியன் வேலைக்கு இங்கே வந்த குடும்பம். மேடத்துக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் கிசுகிசுப்பார். எதைத் தொடும் முன்னும் கையைக் காட்டச் சொல்வார், முகர்ந்தும் பார்ப்பார்.

அன்று வில்லைத்தான் முகர்ந்தார். குரல் இறங்கியது.

“அண்ணாச்சி, நாணுக்கு என்ன போட்டிய?”

“ஊசி எண்ணெய்ங்க மேடம். சுத்தமான வெள்ளை எண்ணெய்.”

“ஒங்க துணியில ஒரு சொட்டு எண்ணெ விழுந்தா என்ன செய்விய?”

“கறை விழுந்த துணியைத் தள்ளிருவோமுங்க.”

“அப்ப இது மட்டும் நூலு இல்லியா?”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருசம் நூலோடு குடித்தனம் நடத்தியவன், நாணும் நூல்தான் என்று பார்க்காமல் போனேன். பத்திருபது மெல்லிய இழை சேர்ந்ததுதான் அது. எண்ணெய் போட்டால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூசி இழையை அறுக்கும். அன்றே மேடம் நாணை மாற்றினார். பழைய நாணை என் கையில் கொடுத்து, “ஊட்டுல மாட்டி வையுங்க” என்றார், ‘ஊடு’ என்று எங்கள் பாசையைக் கிண்டல் செய்து. மாட்டித்தான் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மைதானத்துக்குப் போனேன். கம்பெனியில் ஓய்வு பெற்ற பிறகு முழு நேரமும் இங்கேதான். மேடம் கற்றுக் கொடுத்த முறை இன்றைக்கும் அப்படியே எனக்கு.

முதலில் கை கழுவ வேண்டும். காய்ந்த மெத்தென்ற பிரஷ்ஷால் தூசியைத் தட்ட வேண்டும், காற்று அடிக்கக் கூடாது, அடித்தால் தூசி அச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வில்லின் பிடியையும் கைகளையும் துடைக்க வேண்டும். நாணுக்கு மெழுகு மட்டும். விரலால் மெல்லத் தேய்த்தால் விரல் சூட்டில் மெழுகு இளகி இழைக்குள் இறங்கும். மிச்சத்தை வழித்து எடுத்துவிட வேண்டும். நாணின் நடுவில், அம்பு உட்காருகிற இடத்தில், வேறு நூல் சுற்றியிருக்கும். அதற்கு மெழுகு வேண்டாம். சக்கரத்து அச்சுக்கு எண்ணெய் ஒரு ஊசி முனை அளவு, அதையும் உடனே துடைத்துவிட வேண்டும். கைகளைப் பிடித்திருக்கிற இரண்டு போல்ட்டையும் ஒரே அளவுதான் திருக வேண்டும். மேடம் அப்போது ஜெபம் சொல்வது போல வாய்க்குள் எண்ணுவார். அந்நேரம் யாரும் பேச மாட்டோம், அவர் போன் அடித்தாலும் எடுக்க மாட்டார். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் தகரக் கூரைக்கு அடியிலும் வில்லை வைக்கக் கூடாது. வில்லின் கைகளுக்குள் நார்த் தகடுகளை அடுக்கடுக்காக ஒட்டியிருக்கிறது, சூட்டில் ஒட்டு விட்டுவிடும்.

கடைசியாகப் பஞ்சு. ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து வில்லின் கைகள் மேல், விளிம்பில், சக்கரத்துப் பள்ளத்தில் மெல்ல ஓட்ட வேண்டும். எங்கேயாவது விரிசலோ பிசிறோ இருந்தால் பஞ்சு சிக்கிக்கொள்ளும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயபக்தியும் வந்தது. நீடில் லைன்! நம் ஊர்ச் சந்தெல்லாம் குவிந்து கிடக்கிற பனியன் வேஸ்ட்டுக்கு இப்படி ஒரு கண் இருக்கிறதா! வெள்ளை வேஸ்ட்டில் ஒரு துண்டைப் பிரித்துப் பஞ்சாக்கி அதைத்தான் நான் இன்றுவரை ஓட்டுகிறேன்.

இவ்வளவுக்கும் மேலே மேடத்தின் முதல் சட்டம் ஒன்று. அம்பில்லாமல் நாணை விடாதே. அம்பு இருந்தால் வில்லின் கைகளுக்குள் இருக்கும் பலத்தை அம்பு வாங்கிக்கொண்டு போய்விடும். அம்பு இல்லாவிட்டால் அந்தப் பலம் போக இடமில்லாமல் வில்லுக்குள்ளேயே திரும்பி அடிக்கும்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் நடந்தது.

மாவட்டத் தேர்வுக்குக் கோகிலா தயாராகிக்கொண்டிருந்த வருசம். ஆயுத பூசை வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலையில் தேர்வு. கம்பெனியில் மிசினெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவோம். முதலாளி சொல்லியனுப்பினார்: “எல்லாத்துக்கும் பொட்டு வெக்கறோம், அந்த வில்லையும் கொண்டாங்க.”

கோகிலாவுக்கு இஷ்டமில்லை. “வேண்டாங்கப்பா. மேடத்துக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.”

“அவரு குடுத்த வில்லு கண்ணு. ஒரு பொட்டுத்தானே?”

நானே எடுத்துப் போனேன். நானே வில்லின் மேல் கையிலும் கீழ்க் கையிலும் மூன்று விரலால் சந்தனம் பூசினேன். தீபம் காட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி பொட்டலம் கொடுக்கிற நேரத்தில் முதலாளி வில்லைக் கையில் எடுத்தார். வேட்டி, துண்டு, நெற்றி நிறைய விபூதி. பார்க்க லட்சணமாக இருந்தார். உடனே ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டார்கள்.

“அண்ணா, இழுங்கண்ணா! நாண் சத்தம் கேக்கட்டும்!”

கூத்தில் வில்லாளி மேடை ஏறியதும் நாணைத் தெறித்துச் சத்தம் எழுப்புவானே, அதை எல்லோரும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். வில் என்றால் நம் ஆட்களுக்கு முதலில் சத்தம்தான் ஞாபகம் வரும். வடக்கத்திப் பையன்களும் அவர்கள் பாசையில் கத்தி விசிலடித்தார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே இழுத்தார்.

நான் நாலடி தூரத்தில் நிற்கிறேன். வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா?

“ஏனுங்க மொதலாளி, தப்பா நெனச்சுக்காதீங்க, வந்துங்க, அதை அப்படி…”

விட்டுவிட்டார்.

தகரக் கூரை மேல் தேங்காய் விழுந்தது போல ‘பட்டார்’ என்று ஒரு சத்தம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. இத்தனை வருசம் சத்தத்தை வைத்து மிசினுக்கு நோவு சொன்னவன் நான். அது நல்ல சத்தமில்லை.

மறுநாள் காலை வீட்டு வாசலில் வில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாண் கழலவில்லை, சக்கரம் கோணவில்லை. கோகிலா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். நடந்ததை அவளிடம் சொல்லியிருந்தேன்.

“ஒண்ணும் ஆகலீங்கப்பா. பாருங்க, நல்லாத்தான இருக்குது?”

காய்ந்த சந்தனத்தைத் துடைத்தேன். பஞ்சைப் பிரித்தேன். மேல் கையில் ஓட்டினேன், வழுக்கிக்கொண்டு போனது. கீழ்க் கையில் மேலிருந்து கீழாக ஓட்டினேன், அதிலும் ஒன்றுமில்லை. கீழிருந்து மேலாக ஓட்டினேன்.

ஒரே ஒரு இழை நின்றது.

நான் சந்தனம் பூசிய அதே இடம். காற்றில் மெல்ல ஆடிக்கொண்டு நின்றது. கோகிலா அந்தப் பக்கம் நாணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை. ஊதினால் போய்விடும். உள்ளதைச் சொல்கிறேன் குழந்தைகளே, ஊதலாமா என்று ஒரு மூச்சு நேரம் நினைத்தேன். ஒரு வருசம் முழுக்க அவள் விடியலில் எழுந்து பழகியது எனக்குத் தெரியும். சந்தனப் பிசிறாக இருக்கும் என்று என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். ஈரத்துணியால் மறுபடி துடைத்து, காயவிட்டு, ஓட்டினேன். அதே இடத்தில் இழை. மூன்றாம் முறையும் அதே இடம்.

எஸ்தர் மேடத்துக்குப் போன் போட்டேன். ஸ்கூட்டரில் வந்தார். நகத்தை அந்த இடத்தில் வைத்து மெல்ல இழுத்தார். குரல் கிசுகிசுப்பாகிவிட்டது.

“கோகிலா, நாளைக்கு இந்த வில்லு வேண்டாம்.”

“கோடுகூடத் தெரியலீங்க மேடம்!” அப்புறம் என்னைப் பார்த்தாள். “ஒத்தை நூலுக்காக என்னைய நிறுத்தறீங்களாப்பா? பொட்டு வெக்கப் போனது நானா, நீங்களா?”

மேடம்தான் எழுந்தார். “வா, நீயே பாரு.”

மைதானத்தில் பிரஸ் என்று ஒரு சாதனம் இருக்கிறது, சட்டை தேய்க்கிற பிரஸ் இல்லை, வில்லின் இரண்டு கைகளையும் பிடித்து மெல்ல வளைப்பது. வில்லை அதில் பூட்டினார். எங்களைப் பத்தடி தள்ளி நிற்க வைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, பிரஸ்ஸின் கைப்பிடியைக் கால் சுற்றாகச் சுற்றினார். ஒன்றுமில்லை. இன்னொரு கால் சுற்று. ஒன்றுமில்லை. கோகிலா என்னை முறைத்தாள்.

மூன்றாவது சுற்றில் ‘டிக்’ என்றது. நகம் வெட்டுகிற சத்தம்தான். கீழ்க் கையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு சிம்பு கரும்புத் தோல் மாதிரி உரிந்து எழுந்து நின்றது. நுனி ஊசி போல இருந்தது. இழை சிக்கிய இடத்திலிருந்துதான் கிளம்பியிருந்தது.

கோகிலாவின் கை அவளை அறியாமல் மேலே போய்க் கன்னத்தைத் தொட்டது. வில்லை முழுக்க இழுத்து நிற்கும்போது நாண் வந்து படுகிற கன்னம்.

கைக்கு எட்டாத ஒரு பலம் அந்தத் தகட்டுக்குள் இத்தனை நேரமும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டிக் கொடுத்தது குப்பைக்குப் போகிற பனியன் துணியின் ஒரு இழை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எதைக் கும்பிட்டேன் என்று இன்றும் தெரியாது.

மற்றவர்கள் வில்லை இரவல் கேட்டுப் பார்த்தோம். அடுத்தவர் செருப்பு மாதிரி, எதுவும் அவள் கை நீளத்துக்குப் பொருந்தவில்லை. அந்த வருசம் அவள் போகவில்லை. இரண்டு நாள் என்னிடம் பேசவும் இல்லை. மூன்றாம் நாள், “அப்பா, அந்த இழையை எங்க வெச்சீங்க?” என்றாள். டேப்பில் ஒட்டி வைத்திருந்ததைக் காட்டினேன். வாங்கித் தன் நோட்டில் ஒட்டிக்கொண்டாள்.

லீவு முடிந்து முதலாளியிடம் போனேன். வில்லின் உரிந்த கையை மேசையில் வைத்தேன். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. “அம்பில்லாம விட்டதால ஒடஞ்சது. நான் தடுத்திருக்கோணும்.”

அவர் அந்தச் சிம்பின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார். “பொண்ணு இழுத்திருந்தா?” என்றார்.

“ஏனுங்க சின்னச்சாமி, அப்பவே கத்தியிருக்கலாமல்லங்க?”

“மரியாதையாச் சொல்லலாம்னு ஆரம்பிச்சனுங்க. நான் விசயத்துக்கு வர்றதுக்குள்ள நீங்க விட்டுட்டீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அந்த வெளிநாட்டுக்காரருக்கு அவரே எழுதி வில்லுக்குப் புதுக் கைகள் ஒரு ஜோடி வரவழைத்தார். வர மாசக்கணக்கானது.

எஸ்தர் மேடம் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னதுதான் நம் மைதானத்துச் சட்டம். “ஒங்க ஊர் மரியாதை ரொம்ப நீளம் அண்ணாச்சி. நாணு அவ்வளவு நேரம் காத்திருக்காது. இனிமே இங்க ஒரே ஒரு வார்த்தைக்கு ‘ங்க’ கெடையாது.” அப்படி வந்ததுதான் ‘நில்லு’.

அடுத்த வருசம் ஆயுத பூசையை மைதானத்திலேயே வைத்தோம். பொட்டெல்லாம் வில் பெட்டியின் மேல்தான். முதலாளி வந்தார். கும்பிட்டுவிட்டு, ஆசையாக நாண் பக்கம் ஒரு விரலை நீட்டினார்.

“நில்லு!”

கத்தியது நான்தான். இத்தனை வருசம் சோறு போட்ட மனுசரை! எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

“நின்னுட்டனுங்க சின்னச்சாமி, நின்னுட்டனுங்க!”

எஸ்தர் மேடமே சத்தமாகச் சிரித்த நாள் அது ஒன்றுதான்.

அப்புறம் கோகிலா புதுக் கை பூட்டிய வில்லை எடுத்துக்கொண்டு கோட்டில் போய் நின்றாள். அந்த வருசம் அவள் தேர்வுக்குப் போனாள். போன கதை, வந்த கதையெல்லாம் அவள் எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பூசை நாளில் ஒரே ஒரு அம்பு விட்டாள். ‘தப்’ என்று மெத்தை மேல் தலையணை போட்டது போல ஒரு ஓசை. அவ்வளவுதான். அம்பு தூரத்துப் பலகையில் நின்றது.

முதலாளி காதைச் சாய்த்துக்கொண்டு இன்னும் காத்திருந்தார்.

“ஏங்கண்ணு, சத்தமே வரலியே?”

“சத்தத்தை அம்பு எடுத்துட்டுப் போயிருச்சுங்க” என்றாள் கோகிலா.